பசு சினை பிடிக்கவில்லையா? காளையின் இரத்தத்தையும் ஒரு முறை பாருங்கள்

தீனி, உண்ணி, காய்ச்சல், இரத்தசோகை... ஒரு பொலிகாளையின் இனவிருத்தித் திறனை இவை எப்படி மாற்றுகின்றன? எளிமையாக ஒரு விளக்கம்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ரிங்லெட்டில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, உங்கள் பெரியப்பா ஆறு பசுக்களும் ஒரு காளையும் வைத்திருக்கிறார். ஸ்கூல் லீவுக்குப் போகிறீர்கள். பெரியப்பா முகம் சரியில்லை. "மூணு மாசமா ஒண்ணும் சினை பிடிக்கல. பசுவுங்களுக்கு என்னமோ கோளாறு. ரெண்ட வித்துடலாம்னு இருக்கேன்" என்கிறார்.

நீங்கள் கொட்டகையை எட்டிப் பார்க்கிறீர்கள். காளை கம்பீரமாக நிற்கிறது. பசுவைக் கண்டால் பாய்கிறது. அதற்கு ஒரு குறையும் இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

ஆனால் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. ஆறு பசுக்களுக்கும் ஒரே நேரத்தில் கோளாறு வருமா? அல்லது, அந்த ஆறுக்கும் பொதுவான ஒரே ஒரு காளைக்கு ஏதோ ஆகியிருக்குமா?

குழந்தை இல்லை என்றால் முதலில் பெண்ணைக் கைகாட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாட்டுக் கொட்டகையிலும் அதே கதைதான். பசுவுக்கு ஊசி போடுவார்கள், மருந்து கொடுப்பார்கள், கடைசியில் விற்றுவிடுவார்கள். காளையைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது.

பாய்வது வேறு, சினையாக்குவது வேறு

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம். பசு மீது ஏறும் ஆர்வம் ஒன்று. நல்ல விந்தணுக்களை உற்பத்தி செய்யும் திறன் இன்னொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆர்வம் குறையாமல் இருந்தும், விந்தணுவின் தரம் விழுந்திருக்கலாம். வெளியில் இருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று: முழு மலடான காளைகள் குறைவு. இடைப்பட்ட நிலையில் இருப்பவைதான் அதிகம். அதாவது சினையாக்கும், ஆனால் தாமதமாக்கும். ஆறில் இரண்டை மட்டும் சினையாக்கும். இந்த வகைதான் விவசாயிக்கு அதிக நஷ்டம் தருகிறது, ஏனென்றால் சந்தேகமே வராது.

நஷ்டம் எவ்வளவு? ஒரு பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை சினைப்பருவத்துக்கு வரும். மூன்று முறை தவறினால் 63 நாள் போச்சு. சினை பிடித்த பிறகு கன்று ஈன ஏறக்குறைய 280 நாள். ஆக, காளையால் வீணான அந்த இரண்டு மாதம், அடுத்த கன்றையும் அடுத்த பாலையும் அப்படியே இரண்டு மாதம் தள்ளிப் போடுகிறது. ஆறு பசுவுக்கும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்.

61 நாள் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது 61.

காளையின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 61 நாள் ஆகும். அதன் பிறகு, விதையை ஒட்டியிருக்கும் சுருண்ட குழாயில் தங்கி முதிர்ச்சி அடைய இன்னும் ஒன்றரை வாரம்வரை தேவை. கூட்டினால் 70 நாளை நெருங்குகிறது.

அப்படியென்றால் இன்று காளையிடம் இருக்கும் விந்து இன்று தயாரானது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு அது என்ன சாப்பிட்டது, அதன் இரத்தம் எப்படி இருந்தது, காய்ச்சல் வந்ததா என்பதன் பலன்தான் இன்று தெரிகிறது.

இதனால்தான் விவசாயிகள் குழம்பிப் போகிறார்கள். காய்ச்சல் வந்தது ஆடி மாதத்தில். ஒரு வாரத்தில் காளை எழுந்து நடந்து, நன்றாகத் தின்னவும் ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆவணி, புரட்டாசியில் பசுக்கள் சினை பிடிக்கவில்லை. காளை இப்போது நல்லாத்தானே இருக்கு என்று பழி பசு மேல் விழுகிறது.

விதை சூடானால் என்ன ஆகும் என்று சோதித்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குறைபாடுள்ள விந்தணுக்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. பாதிப்பு பல வாரம் நீடிக்கிறது. பிறகு மெல்ல மெல்லச் சரியாகிறது. பாதிப்பு கடுமையாக இருந்தால் சரியாகாமலும் போகலாம்.

தலைகீழாகவும் இந்தக் கணக்கு வேலை செய்யும். ஐப்பசியில் காளையைப் பசுக்களோடு விட வேண்டும் என்றால், நல்ல தீனியும் சிகிச்சையும் ஆடியிலேயே ஆரம்பிக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது காளைக்கும் பொருந்தும். ஒரு வாரம் முன்னால் முட்டையும் டானிக்கும் கொடுத்துப் பயனில்லை.

சரி, இதில் இரத்தத்துக்கு என்ன வேலை?

விதைக்கு எல்லாமே இரத்தம் வழியாகத்தான் வருகிறது. எளிதாக நான்கு வேலைகள் என்று சொல்லலாம்.

ஒன்று, ஆக்ஸிஜன். விந்தணு உற்பத்தி ஓயாமல் நடக்கும் செல் பிரிவு. அதற்கு ஆக்ஸிஜன் தேவை. அதைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். சிவப்பணு குறைந்தால் உடல் இதயத்துக்கும் மூளைக்கும் முன்னுரிமை கொடுக்கும். இனவிருத்தி கடைசி வரிசையில் நிற்கும்.

இரண்டு, சத்து. மாவு, புரதம், துத்தநாகம், வைட்டமின் என்று தின்றது எதுவாக இருந்தாலும் இரத்தத்தில் ஏறித்தான் விதையைச் சேரும்.

மூன்று, ஹார்மோன். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரத்தம் வழியாகத் தகவல் அனுப்புகிறது. அதைக் கேட்டுத்தான் விதை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. பட்டினி கிடக்கும் காளையில் இந்தத் தகவலே பலவீனமாகிவிடுகிறது.

நான்கு, குளிர்ச்சி. இதுதான் பலருக்கும் ஆச்சரியம் தரும். மாட்டின் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே. ஆனால் விதை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் நல்ல விந்தணு உருவாகும். அதனால்தான் அது உடலுக்கு வெளியே தொங்குகிறது. உள்ளே போகும் சூடான இரத்தக்குழாயைச் சுற்றி, வெளியே வரும் குளிர்ந்த இரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. போகிற இரத்தத்தின் சூட்டை வருகிற இரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. இயற்கை வைத்த ஏர்கோன்!

காய்ச்சல் வந்து உடம்பே 40, 41 டிகிரிக்குப் போனால், இந்த ஏர்கோனால் தாக்குப்பிடிக்க முடியாது.

இந்த விஷயத்தில் கேமரன் மலைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஜெர்சி, ஃபிரீசியன் போன்ற குளிர்நாட்டு இனங்களும் அவற்றின் கலப்புகளும் சமவெளி வெயிலில் படும் பாட்டை ரிங்லெட்டில் படுவதில்லை. ஆனால் குளிர் உண்ணியைத் தடுக்காது; தீனிக் குறையையும் ஈடு செய்யாது.

இரத்தம் ஏன் குறைகிறது?

மனிதர்களுக்கு இரத்தசோகை என்றால் உடனே இரும்புச்சத்து என்று சொல்வோம். வளர்ந்த மாட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. புல்லிலும், புல்லோடு சேர்ந்து உள்ளே போகும் மண்ணிலும் இரும்பு தாராளமாகவே இருக்கும். மாட்டின் இரத்தம் குறைவது பெரும்பாலும் யாரோ அதைக் குடிப்பதால், அல்லது உள்ளேயே அது அழிக்கப்படுவதால்.

உண்ணி: ஒவ்வொரு உண்ணியும் கொஞ்சம் இரத்தம் குடிக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அதுவே பெரிய இழப்பு. அதைவிட ஆபத்து, உண்ணி ஏற்றிவிடும் ஒட்டுண்ணிகள். பாபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். காய்ச்சலோடு சிறுநீர் சிவப்பாக, காப்பி நிறத்தில் போகலாம். அனாபிளாஸ்மா பாதித்தாலும் காய்ச்சலும் இரத்தசோகையும் வரும். ஆனால் சிறுநீர் சிவக்காது, கண்ணும் ஈறும் வெளுத்து மஞ்சளாகும். இரண்டிலும் காளைக்கு இரட்டை அடி: இரத்தமும் குறைகிறது, விதையும் சூடாகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நோய்களைக் கன்றுகள் ஓரளவு தாங்கும். உண்ணியே பார்க்காமல் வளர்ந்த பெரிய மாடுகள்தான் மோசமாகப் பாதிக்கப்படும். சுத்தமான பண்ணையிலிருந்து அதிக விலை கொடுத்து வாங்கிய காளையை உண்ணி நிறைந்த கொட்டகையில் கட்டினால், முதலில் விழுவது அதுவாக இருக்கலாம்.

கடிக்கும் ஈக்கள்: பெரிய மாட்டு ஈக்கள் சர்ரா எனப்படும் நோயைப் பரப்பும். இதற்குக் காரணம் இரத்தத்தில் நீந்தும் டிரிப்பனோசோமா. மாடு மெலியும், இரத்தம் குறையும், காய்ச்சல் விட்டு விட்டு வரும். இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணிகள் விதையையே சேதப்படுத்துவதும் பதிவாகியிருக்கிறது.

குடற்புழு: வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழுக்கள் இளங்காளைகளை அதிகம் பாதிக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கினால் இதைச் சந்தேகிக்கலாம்.

பெரணி: இது மலைக்காரர்களுக்கான தகவல். பிராக்கன் என்ற காட்டுப் பெரணியை மாடு நெடுநாள் தின்றால், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்த உற்பத்தியே குறையலாம். சிறுநீர்ப்பையில் புண்ணும் கட்டியும் வந்து சிறுநீரில் இரத்தம் போகலாம். தேயிலை விளையும் இன்னொரு மலையான நீலகிரியில் இந்த இரத்தச் சிறுநீர் நோய் நீண்ட காலமாக அறியப்பட்டது. புல் தட்டுப்பாடு வரும்போதுதான் மாடு இதில் வாய் வைக்கும். இதன் நச்சு பாலிலும் இறங்கும் என்பதால் இது நம் பிரச்சினையும்கூட. நாம் சமைத்துச் சாப்பிடும் பூச்சோக் பாக்கு வேறு வகைப் பெரணி; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரத்தசோகை இல்லாமலே காய்ச்சலால் கெடுக்கும் நோய்களும் உண்டு. 2021-இல் முதன்முறையாக மலேசியாவில் பதிவான தோல் கழலை நோய் அப்படிப்பட்டது. உடம்பெல்லாம் கட்டி வரும் இந்த நோயில், காளை தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மலடாகலாம். வைரஸ் விந்திலும் வெளியேறும்.

தீனி: குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு

மெலிந்த காளையில் டெஸ்டோஸ்டிரோன் குறையும், விதை சுருங்கும், நடக்கவே தெம்பு இருக்காது. இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது, கொழுத்த காளையின் கதை. கண்காட்சிக்கு நிறுத்தலாம் போலப் பளபளவென்று இருக்கும். ஆனால் தானியமும் அடர்தீவனமும் அள்ளிக் கொடுத்து வளர்த்த காளைக்கு விதைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு சேரும். மேலே சொன்ன ஏர்கோன் இருப்பது அதே இடத்தில்தான். கொழுப்பு கம்பளிபோல மூடிக்கொள்ள, சூடு வெளியேறாது. குளம்பு நோவும் வரும். பின்னங்கால் வலிக்கிற காளை பசு மீது ஏறாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? விலா மீது கை வையுங்கள். எலும்புகள் வெளியே துருத்தி நின்றால் மெலிவு. அழுத்தினாலும் எலும்பு தட்டுப்படவில்லை என்றால் கொழுப்பு. லேசாக அழுத்தினால் விலா தெரிய வேண்டும், அதுதான் அளவு. கால்நடை மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். பொலிகாளைக்கு 3, அல்லது அதற்குச் சற்று மேல் நல்லது.

இன்னும் முக்கியமான ஒன்று: காளையின் எதிர்காலம் கன்றிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கனடாவின் லெத்பிரிட்ஜில் நடந்த ஆய்வுகளில், ஏறக்குறைய 10 முதல் 30 வாரம்வரை நல்ல தீனி கிடைத்த காளைக்கன்றுகள் சீக்கிரம் பருவமடைந்தன. அவற்றின் விதையும் பெரிதாக வளர்ந்தது. அந்த வயதில் வயிறு காய்ந்த கன்றுக்குப் பிறகு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் முழுசாக ஈடுகட்டுவது கடினம். நம் ஊர்களில் என்ன நடக்கிறது? பாலை நாம் கறந்துகொள்கிறோம், கிடேரிக் கன்றுக்குக் கொஞ்சம் விடுகிறோம், காளைக்கன்றுக்கு மிச்சம் மீதிதான். பிறகு அதையே வளர்த்துப் பொலிகாளை ஆக்குகிறோம்.

தாது உப்பு: கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் முடியாது

துத்தநாகம் விந்தணு உருவாகவும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவும் தேவை. குறைந்தால் விதை வளர்ச்சியே பாதிக்கும். தாமிரம் இரத்தம் உருவாகவும் தேவை. அது குறைந்தால் இரத்தசோகையும் முடி நிறம் மங்குவதும் சேர்ந்தே வரும். செலினியமும் வைட்டமின் இ-யும் விந்தணுவைச் சிதைவிலிருந்து காக்கின்றன. செலினியம் இல்லாமல் விந்தணுவின் வால் உறுதியாக அமையாது. வைட்டமின் ஏ குறைந்தால் விந்தணு உருவாகும் அடுக்கே தேய்ந்துபோகும்.

வைட்டமின் ஏ பச்சைப் புல்லில் தாராளம். ஆண்டு முழுக்க மழை பெய்யும் மலையில் அது பெரிய கவலை இல்லை. மாதக்கணக்கில் காய்ந்த வைக்கோலை மட்டுமே தின்னும் மாடுகளுக்குத்தான் கவலை. தாது உப்பு அப்படி இல்லை. வெப்பமண்டலப் புற்களில் சோடியம், பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் குறைவாக இருப்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. கொட்டகையில் எப்போதும் ஒரு தாது உப்புக் கட்டி தொங்குவது மலிவான காப்பீடு.

ஆனால் "சத்துதானே, கூடவே கொடுப்போம்" என்ற யோசனை இங்கே ஆபத்து. செலினியத்தில் தேவையான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையே இடைவெளி சிறியது. மருத்துவர் சொல்லாமல் ஊசி போடாதீர்கள். இரும்பு டானிக்கை அதிகம் கொடுத்தால் அது தாமிரத்தை உறிஞ்ச விடாது. இரத்தம் ஊறட்டும் என்று கொடுத்தது எதிர்வேலை செய்யும்.

நம்ம ஊர் தீவனங்கள் எப்படி?

மலேசியாவில் மலிவாகக் கிடைப்பது செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு. மாட்டுக்கு நல்ல தீவனம், புரதமும் ஓரளவு உண்டு. ஆனால் அதில் தாமிரம் அதிகம். மாடு தாங்கும், செம்மறி ஆடு தாங்காது, கல்லீரலில் தாமிரம் சேர்ந்து செத்தே போகும். ஒரே கொட்டகையில் மாடும் ஆடும் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இந்தப் புண்ணாக்கு கொடுக்கும் மாட்டுக்கும் தாமிரம் சேர்த்த மருந்துகளைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினர்கள் "பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்து" என்பார்கள். கறவை மாட்டுக்கு அது பழைய, நல்ல வழக்கம்தான். பொலிகாளைக்கு மட்டும் யோசிக்க வேண்டும். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற பொருள் இருக்கிறது. பசுவின் கருத்தரிப்பை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் அதிகமாகத் தின்னும் இளங்காளையில் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், விந்தணுவின் நடுப்பகுதியைச் சிதைக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் மறுபடியும் அதே இரண்டு மாதக் கணக்கு.

காளைக்கு அடிப்படை எளிது: நல்ல புல், தேவைக்கு மட்டும் அடர்தீவனம், தாது உப்பு, நாள் முழுக்கச் சுத்தமான தண்ணீர். பூச்சிமருந்து, களைக்கொல்லி அடித்த காய்கறித் தோட்ட ஓரத்துப் புல்லை மட்டும் அறுத்துப் போடாதீர்கள்.

இரத்தப் பரிசோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது?

மருத்துவர் வால் அல்லது கழுத்து நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்பார். முதலில் பார்ப்பது, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது. மாட்டுக்கு வழக்கமான அளவு 24 முதல் 46 சதவீதம். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 8 முதல் 15 கிராம். அதோடு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒட்டுண்ணி தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் இரண்டு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, இரத்தத்தில் தாமிரம் சரியாக இருப்பதால் உடம்பில் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சேமிப்பு காலியாகும் கட்டத்தில்தான் இரத்தத்தில் குறைவு தெரியும்.

இரண்டாவது, இரத்தம் நன்றாக இருந்தாலே காளை வளமானது என்று சொல்லிவிட முடியாது. அதைச் சொல்ல விந்துப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் வேண்டும். விதைப்பையின் சுற்றளவை டேப் வைத்து அளப்பார்கள். அமெரிக்காவில் பின்பற்றும் அளவுகோலின்படி, 2 வயதைத் தாண்டிய காளைக்கு அது 34 செ.மீ. இருக்க வேண்டும், விந்தணுக்களில் 30 சதவீதமாவது முன்னோக்கி நீந்த வேண்டும், 70 சதவீதம் வடிவம் சரியாக இருக்க வேண்டும். கெடா-கிளந்தான் போன்ற நம் சிறிய உள்ளூர் இனங்களுக்கு இந்தச் சுற்றளவை அப்படியே வைத்து அளக்கக் கூடாது.

இன்னொரு பரிசோதனையும் கட்டாயம். காளைக்கு ஒரு குறையும் தெரியாமல், பசுவுக்கு மட்டும் நோயைக் கடத்தும் கிருமிகள் இருக்கின்றன. கேம்பிலோபாக்டர், டிரைக்கோமோனாஸ் இரண்டும் இனச்சேர்க்கையில் பரவி, பசுவைத் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வர வைக்கும். காளையின் இரத்தத்தில் இவை தெரியாது. உறுப்புத் தோலின் உட்பகுதியைக் கழுவி எடுத்த மாதிரியில் தேட வேண்டும். புருசெல்லோசிஸ் இரத்தப் பரிசோதனையில் தெரியும். அது கருச்சிதைவை உண்டாக்கும். காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் வரும். அது வேறு ஊர்க் காளையை இரவல் வாங்கும்போது கூடவே வரலாம்.

காளையே வேண்டாம், ஊசி போதுமா?

நல்ல கேள்வி. ஆறு பசுவுக்காக ஒரு காளைக்கு ஆண்டு முழுக்கத் தீனி போடுவதைவிட, செயற்கைமுறைக் கருவூட்டல் மலிவாகவே இருக்கலாம். மலாயில் இதைப் பெர்மானியான் பெராடாஸ் என்பார்கள். பகாங்கிலேயே, ஜெராண்டுட்டில், கால்நடைச் சேவை இலாகாவின் தேசிய கால்நடைப் பல்லுயிர்க் கழகம் உறைவிந்து உற்பத்தி செய்கிறது. தமிழ்நாட்டில் ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் மாவட்டத்தின் ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன.

இந்த நிலையங்களில் தீனியும் இரத்தமும் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகைக் காளை கெட்டால் ஆறு பசுக்களுக்கு நஷ்டம். இங்கே ஒரே காளையின் விந்து கால் மில்லிலிட்டர் குழல்களில் அடைக்கப்பட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து, ஆயிரக்கணக்கான பசுக்களைப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் அங்கே காளையின் எடை, தீனி, நோய்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. தரம் தேறாத விந்து வெளியே போகாது. நம் கொட்டகைக் காளைக்கு அந்தச் சல்லடை கிடையாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

ஊசியிலும் ஒரு சிக்கல் உண்டு: பசு பருவத்துக்கு வந்த நேரத்தைச் சரியாகக் கவனிக்க வேண்டும், ஆள் வந்து சேர வேண்டும். அந்த வேலையைக் காளை தானாகவே செய்துவிடும். எது நமக்கு ஒத்துவரும் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன?

மாடு வளர்ப்பது பெரியப்பாவாக இருக்கலாம். ஆனால் கையில் போன் வைத்திருப்பது நீங்கள்.

1. ஒரு பட்டியல் போடுங்கள். எந்தப் பசு, எந்தத் தேதியில் காளையோடு சேர்ந்தது, 21 நாள் கழித்துத் திரும்பப் பருவத்துக்கு வந்ததா? ஒரே ஒரு பசு திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பசுவைப் பாருங்கள். பல பசுக்கள் ஒன்றாகத் திரும்பினால், காளையைப் பாருங்கள்.

2. வாரம் ஒரு முறை காளையின் கண்ணிமையின் உள்பக்கத்தையும் ஈறையும் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது. வெளுத்திருந்தால், மஞ்சளாக இருந்தால் மருத்துவர். மூக்கணாங்கயிற்றைப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சாதுவான காளையையும் தனியாக அணுகாதீர்கள்.

3. காதுக்குள், கழுத்துக்கு அடியில், தொடை இடுக்கில், வால் அடியில் உண்ணி தேடுங்கள்.

4. காய்ச்சல், சிவப்புச் சிறுநீர், தீனி எடுக்காமை எது வந்தாலும் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு அந்தத் தேதி முக்கியம்.

5. முதிர்ந்த காளைக்கு 20 முதல் 30 பசுக்கள்வரை விடலாம். இளங்காளைக்கு அதில் பாதியே அதிகம்.

6. புதுக் காளை வாங்கினால் உடனே பசுக்களோடு விடாதீர்கள். தனியாகக் கட்டி, உண்ணி நீக்கி, புருசெல்லோசிஸ் உட்படப் பரிசோதித்த பிறகு சேருங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

7. காளைக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தால், அந்த ஒரு மாதத்து முடிவை வைத்து அதை விற்கவும் வேண்டாம், பசுவை விற்கவும் வேண்டாம். சிகிச்சை முடிந்து 70 நாள் கழித்து விந்தை இன்னொரு முறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கொட்டகைக்கு இன்னொரு முறை போவோம்

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்களில் பலர் பால் மாடு வளர்த்தவர்கள். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வம்சம் இன்றும் இங்கே உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. தோட்டச் சம்பளம் பற்றாத வீட்டில் பாலும் கன்றும்தான் கைச்செலவுக்கு ஆனது. இன்றும் சில குடும்பங்களுக்கு அப்படித்தான். அதனால் ஒரு பசுவை விற்பது என்பது சின்ன முடிவு இல்லை.

பெரியப்பா வியாபாரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி காளைக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா, பெரியப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, ரெண்டு நாளு தீனி எடுக்கல" என்று சொன்னால், விற்கவேண்டிய பசு ஒன்றும் இல்லாமலே போகலாம். கூப்பிட வேண்டியது வியாபாரியை இல்லை, மருத்துவரை.